ஹெட்லைட் எந்த வகை? நம்பத்தக்க சோதனையும் தகாதவையும்

2019 ஜனவரியில் டாடா ஹாரியர் விற்பனைக்கு வந்தபோது அதன் முகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பேனட்டின் விளிம்போரம் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒரு விளக்கு. அதற்குக் கீழே பம்பரில், கறுத்த குழிக்குள் ஓர் உருண்டைக் கண்ணாடி. மேலே உள்ள கோடுதான் ஹெட்லைட் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது பகலில் எரிகிற டி.ஆர்.எல். இரவில் சாலையைக் காட்டுவது கீழே இருக்கிற உருண்டைதான். அந்த உருண்டைக்குப் பின்னால் இருப்பது எது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். உயர்வகையான எக்ஸ்.இசட்டில் செனான் கொடுத்தார்கள். கீழ்வகைகளில் அதே மாதிரியான உருண்டைக்குப் பின்னால் ஹாலஜன் பல்பு. 2023 இறுதியில் முகம் மாறி வந்த ஹாரியரில் எல்.இ.டி. ஆக, ஒரே பெயரில் மூன்று வகை விளக்குகள் சாலையில் ஓடுகின்றன.

ஹாரியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மாருதி எஸ்-கிராஸ் 2015இல் வந்தபோது மேல்வகையில் செனான், கீழே ஹாலஜன். 2017இல் மேல்வகை எல்.இ.டி.க்கு மாறியது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் 2018இல் சேர்ந்த எஸ் வகைக்குச் செனான் வந்தது. வண்டியின் பெயரைச் சொன்னால் விளக்கு தெரிந்துவிடும் என்ற காலம் போய்விட்டது. ஆனால் பழைய வண்டி விற்பவர்கள் சொல்வது மாறவில்லை: "எல்.இ.டி புரொஜெக்டர் ஹெட்லைட், டாப் மாடல் சார்."

அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்க்காமல் விட்டால், பல்பு ஃபியூஸ் போகும் அன்றைக்குத் தெரியும். ஹாலஜன் பல்பு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். தொழிற்சாலைத் தரத்துச் செனான் பல்பு ஆயிரங்களில் போகும். எல்.இ.டி.யாக இருந்தால் தனிப் பல்பு என்று ஒன்றே பெரும்பாலும் கிடையாது. விளக்கை அப்படியே மாற்றச் சொல்வார்கள்.

கேள்வியைப் பிரித்துக்கொள்ளாமல் பதில் தேடுவதால்தான் குழப்பமே வருகிறது. ஒளியைத் தருவது ஒன்று: ஹாலஜன், செனான், எல்.இ.டி. அந்த ஒளியை ஒழுங்குபடுத்திச் சாலையில் விழவைப்பது இன்னொன்று: பளபளக்கும் குழிவான ரிஃப்ளெக்டர், அல்லது முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டர். எந்த ஒளிமூலமும் எந்த அமைப்போடும் வரலாம். இதற்கு மேல், தொழிற்சாலையில் பொருத்தியது எது, இப்போது உள்ளே இருப்பது எது என்று இன்னொரு பிரிவும் உண்டு. ஒரு சோதனை இவற்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அதை எடைபோட வேண்டும். வழக்கில் இருக்கும் சோதனைகளில் பல இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன.

மிகவும் பரவலானது நிறம். வெள்ளையாக எரிந்தால் எல்.இ.டி, மஞ்சளாக எரிந்தால் ஹாலஜன், நீலம் தட்டினால் செனான். எண்களை மட்டும் பார்த்தால் இதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். ஹாலஜன் இழை ஏறத்தாழ 3,200 கெல்வின் வெப்பத்து மஞ்சள் கலந்த ஒளி தரும். தொழிற்சாலைச் செனான் 4,300ஐ ஒட்டியது. எல்.இ.டி 5,500, 6,000 என்று போகும். சாலையில் இந்த இடைவெளிகள் நிற்பதில்லை. நீலப் பூச்சுப் பூசிய ஹாலஜன் பல்பு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. செனான் பல்பு வயதாக ஆக நிறம் மாறி ஊதாப் பக்கம் சாயும். வெயிலில் பழுத்துப்போன பாலிகார்பனேட் கண்ணாடி எந்த ஒளியையும் மங்கலாக்கி மஞ்சளடிக்கும். வெள்ளை டி.ஆர்.எல்லுக்குப் பக்கத்தில் எரியும் செனான், ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். நல்ல மஞ்சள் ஒளி வந்தாலாவது ஹாலஜன் என்று உறுதியாகச் சொல்லலாமா என்றால், மழைக்கும் பனிக்கும் என்று 3,000 கெல்வின் எல்.இ.டி பல்புகளும் விற்கிறார்கள். நிறத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இதைச் சோதனை என்று சொல்வதே அதிகம்.

அடுத்தது "புரொஜெக்டர்" என்ற வார்த்தை. விளம்பரங்களிலும் கடைப்பேச்சிலும் இது ஏதோ எல்.இ.டி.க்கும் செனானுக்கும் மறுபெயர்போல ஆகிவிட்டது. வரலாறு வேறு மாதிரி. கார்களில் செனான் விளக்கு முதலில் வந்தது 1991இல், பி.எம்.டபிள்யூ 7 வரிசையில். அதற்கு முன்பே, 1980களில், ஹாலஜன் பல்போடு புரொஜெக்டர் வந்துவிட்டது. எல்.இ.டி லோ பீம் முதலில் வந்தது 2007இல், லெக்சஸ் எல்.எஸ் 600எச் காரில். இன்றைக்கு எல்.இ.டி.யை வெறும் ரிஃப்ளெக்டரில் வைத்து வரும் எஸ்.யூ.வி.க்களும் ஏராளம். உருண்டை லென்ஸ் தெரிந்தால் அது புரொஜெக்டர். அதற்கு மேல் அந்த லென்ஸ் எதுவும் சொல்லாது.

ஆனாலும் சுவர்ச் சோதனை ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. வண்டியைச் சமதரையில் சுவருக்குச் சில மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். புரொஜெக்டரில் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். அந்த விளிம்பில் நீலமோ ஊதாவோ மெலிதாக ஓடும். நம் நாட்டு விளக்கில் விளிம்பு இடப்பக்கம், அதாவது சாலையோரத்தை நோக்கி, ஏறும். ரிஃப்ளெக்டரில் விளிம்பு கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் வடிவம் அதேதான். விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்க ஒளி அப்பிக் கிடந்தால், அந்த விளக்குக்குள் அதற்கு உரியதல்லாத பல்பு இருக்கிறது, அல்லது விளக்கு அதன் இடத்திலிருந்து அசைந்திருக்கிறது. வகையைக் கண்டுபிடிக்க இது உதவாது. யாரோ கை வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க நன்றாகவே உதவும்.

எரியத் தொடங்கும் விதத்தைப் பார்ப்பது இவற்றைவிட மேலான சோதனை. விளக்கு ஆறியிருக்க வேண்டும், இருட்டு வேண்டும், எதிரே சுவர் வேண்டும். ஹாலஜன் இழை சூடேறி ஒளிர ஒரு நொடியின் சிறு பகுதி எடுக்கும். அணைக்கும்போதும் ஒரு கணம் சிவந்துதான் அணையும். எல்.இ.டி.க்கு அந்தத் தயக்கம் கிடையாது. செனானோ நடத்தையிலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் பேலஸ்ட் பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு துடிப்பைச் செலுத்தி வாயுவில் வில்லொளியை மூட்டுகிறது. முதலில் ஒரு வெட்டு, பிறகு நீலமாக ஒரு தடுமாற்றம், பல நொடிகள் கழித்துத்தான் முழு ஒளியும் நிலையான நிறமும். இதைப் போலியாகச் செய்ய யாருக்கும் காரணமில்லை என்பதால் இந்த அடையாளத்தை நம்பலாம். இதன் குறை வேறு: அது தொழிற்சாலைச் செனானா, அல்லது கடையில் வாங்கி ஹாலஜன் விளக்குக்குள் திணித்த செனான் கிட்டா என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் மூளும்.

இங்கேதான் சிலர் வாஷரைக் கொண்டுவருகிறார்கள்: விளக்கின் முன்னால் தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருந்தால் செனான், இல்லையென்றால் இல்லை. இதற்கு ஒரு விதி ஆதாரம். 2,000 லூமென்னுக்கு மேல் ஒளி தரும் மூலத்தை லோ பீமில் வைத்தால் விளக்கைக் கழுவும் ஏற்பாடும் உயரத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாடும் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் விதி எண் 48 கேட்டது. 35 வாட் டி2எஸ் செனான் பல்பு 3,200 லூமென் தரும். 55 வாட் எச்7 ஹாலஜன் 1,500தான். ஆகவே வாஷர் இருந்தால் அது வலுவான தடயம். இல்லாவிட்டால் அது எதற்கும் தடயமல்ல. ஏனென்றால் அந்த வரம்பைத் தாண்டாமல் இருக்கவே 25 வாட் செனான் பல்புகளைக் கொண்டுவந்தார்கள். அவை 2,000 லூமென்னோடு நிற்கின்றன.

காகிதங்களுக்கு வருவோம். ஆர்.சி. புத்தகம் விளக்கைப் பற்றிப் பேசாது. பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் யார் செய்தது என்று சொல்லும்: எம்.ஏ.டி என்றால் டாடா, எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.எல் என்றால் ஹூண்டாய். விளக்கு எது என்று அந்த எண்ணைப் பார்த்து நம்மால் படிக்க முடியாது. ஆனால் அதே எண்ணைக் கொடுத்தால் டீலரின் உதிரிபாகப் பிரிவில் அந்த வண்டிக்கான விளக்கு அசெம்பிளியின் பாக எண்ணை எடுத்துத் தர முடியும். தொழிற்சாலை எதைப் பொருத்தியது என்ற கேள்விக்குக் காகிதவழியில் கிடைக்கும் மிகச் சிறந்த பதில் அதுதான். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பல்பு அட்டவணை இருக்கும். அதில் எல்லா வகைகளுக்கும் சேர்த்துப் போட்டிருப்பதால் உங்கள் வண்டிக்கு எந்த வரி என்று தெரியாமல் அது பாதி உதவிதான். பிராஷர் அதற்கும் கீழே. அது எழுதப்பட்டது விற்பதற்காக.

இனி விளக்கின் கண்ணாடியிலும் கூட்டிலும் பொறித்திருக்கும் எழுத்துகள். இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. படிக்கத் தெரிந்ததாகச் சொல்பவர்களில் பலரும் பாதிதான் படிக்கிறார்கள். ஒரு வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது ஒப்புதல் அளித்த நாடு: 1 என்றால் ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 13 லக்ஸம்பர்க். தயாரித்த நாடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை ஒட்டி வரும் எழுத்துகள்தான் நமக்குத் தேவை. சி என்பது லோ பீம், ஆர் என்பது ஹை பீம், ஏ என்பது பார்க்கிங் விளக்கு, ஆர்.எல் பகல் விளக்கு. முன்னால் டி சேர்ந்து டி.சி, டி.ஆர், டி.சி.ஆர் என்று வந்தால் செனான். எச் சேர்ந்து எச்.சி, எச்.ஆர், எச்.சி.ஆர் என்று வந்தால் ஹாலஜன். "டி.சி எச்.ஆர்" என்று கண்டால் லோ பீம் செனான், ஹை பீம் ஹாலஜன். ஒரே விளக்குக் கூட்டில் இந்த எழுத்துகள் எல்லாம் வரிசையாக நிற்கும் என்பதால், ஆர்.எல் என்பதைப் பார்த்துவிட்டு எல்.இ.டி ஹெட்லைட் என்று முடிவுகட்டாமல் இருப்பது முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். எச் என்றால் ஹாலஜன் என்ற பாடம் எல்.இ.டி வருவதற்கு முன் எழுதியது. ஹாலஜன் விளக்குக்கு ஒப்புதல் தரும் ஐ.நா. விதி 112இன் கீழேயே எல்.இ.டி தொகுதிகளுக்கும் ஒப்புதல் தருகிறார்கள், அந்த எல்.இ.டி விளக்குகளும் எச்.சி, எச்.ஆர் என்றே குறி தாங்கி வருகின்றன. எழுத்தை மட்டும் பார்த்தால் எல்.இ.டி.யும் ஹாலஜனும் ஒன்றுபோலவே இருக்கும். சாலைக்கு ஏற்ப ஒளியை மாற்றிக்கொள்ளும் விளக்குகளுக்கு விதி 123. அங்கே எக்ஸ் என்ற எழுத்து வரும். ஆகவே இந்தக் குறியிலிருந்து உறுதியாக எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: டி இருந்தால் செனானுக்கு என்று செய்த விளக்கு. செனான் கிட் திணித்த வண்டியையும் இது பிடித்துக்கொடுக்கும்: மூளும்போது செனானாக நடந்துகொண்டு, கூட்டில் எச்.சி.ஆர் என்று இருந்தால், அது வெளியில் செய்த வேலை.

புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலோ வேறெங்கோ கழற்றிய விளக்கு டூம் வாங்குபவர்கள் அந்தக் கண்ணாடியில் ஓர் அம்புக்குறியையும் தேட வேண்டும். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு நம் வலது கைப்பக்கம் காட்டினால் அது நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இரு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு உரியது. அதன் ஒளி எதிரே வருபவரின் கண்ணை நோக்கித்தான் ஏறும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி மாட்டுவது மற்றவர்களுக்குச் செய்கிற கெடுதல்.

மிஞ்சியிருப்பது எளிய சோதனை. பேனட்டைத் திறந்து விளக்கின் முதுகைப் பார்ப்பது. சாவியை எடுத்துவிட்டு, விளக்கு ஆறிய பிறகு. வட்ட மூடி ஒன்று இருந்தால் அதைத் திருகிக் கழற்றலாம். உள்ளே மூன்று தகட்டுக் கால் கொண்ட கப்ளர், பெரும்பாலும் ரப்பர் உறையோடு இருந்தால் எச்4: லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள், 60/55 வாட். இரண்டு கால் இருந்தால் எச்7 ஆக இருக்கலாம். பல்பின் உலோக அடியிலேயே வகையும் வோல்ட்டும் வாட்டும் அச்சாகியிருக்கும், ஊகத்துக்கு இடமில்லை. பெட்டி போன்ற பேலஸ்ட்டும் மின்னதிர்ச்சி எச்சரிக்கைச் சீட்டும் தெரிந்தால் செனான். அங்கே கையை விடாமல் படம் எடுத்துக்கொண்டு மூடிவிடுவது நல்லது. பல்பைக் கழற்றும் வழியே இல்லாமல், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகளோ சிறு விசிறியோ கூட்டோடு சேர்ந்து அடைத்திருந்தால் தொழிற்சாலை எல்.இ.டி. மூடிக்குள்ளே எச்4 அடியில் விசிறி வைத்த பல்பு இருந்தால், அது பிறகு வந்த எல்.இ.டி. பல்பைத் தொட வேண்டியிருந்தால் ஹாலஜனின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. படிந்த எண்ணெய்ப்பசை சூட்டில் அந்தப் பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும்.

தீர்ப்பு இதற்குத்தான். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் பல்பின் அடியில் இருக்கும் அச்சைவிட உயர்ந்த ஆதாரம் கிடையாது. விளக்கு எதற்காகச் செய்யப்பட்டது என்பதற்குக் கூட்டின் குறி. இவை இரண்டும் ஒத்துப்போனால் விவகாரம் முடிந்தது. முரண்பட்டால் வண்டியில் மாற்றம் நடந்திருக்கிறது. இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சில எஸ்.யூ.வி.க்களில் விளக்கின் முதுகை எட்ட பேட்டரியையோ ஏர் ஃபில்டர் பெட்டியையோ நகர்த்த வேண்டும். பம்பரில் விளக்கு வைத்த வண்டிகளில் சக்கர வளைவின் உறையை விலக்கித்தான் கை விட முடியும். விற்பவரின் வாசலில் நின்று அதைச் செய்ய முடியாது. அங்கே குளிர்ந்த விளக்கை மூட்டிப் பார்ப்பதும் கண்ணாடியின் குறியைப் படமெடுப்பதும் சேர்ந்து செனானைப் பிரித்துவிடும். ஹாலஜனா எல்.இ.டி.யா என்பதைச் சேஸிஸ் எண்ணை வைத்து டீலரிடம் முடித்துக்கொள்ளலாம்.

மாற்றம் நடந்திருந்தால் என்ன, வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் அதிகம். எச்4 பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைப்பது அதுதான். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றும் விளிம்பு அதிலிருந்து பிறக்கிறது. அந்த இழை நிற்கும் இடம் மில்லிமீட்டர்க் கணக்கில் முடிவானது. தட்டைப் பலகையின் இருபுறமும் சில்லுகளை ஒட்டிய எல்.இ.டி பல்பை அந்த இடத்தில் வைத்தால் ரிஃப்ளெக்டர் எதிர்பார்க்கும் வடிவில் ஒளி கிடைப்பதில்லை. ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்.இ.டி பல்புக்கு அனுமதி கொடுத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டிகளின் பட்டியலுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பல்பைத் தனியாக எடைபோட முடியாது என்பதை அந்தப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. பழைய வண்டியோடு அந்த மாற்றமும் நம் பெயருக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவு துப்பறிய வேண்டியிருப்பதே முறையல்ல. பல்பு மாற்றக்கூடிய விளக்குகளில் அந்தப் பல்பின் வகையைக் கண்ணாடியிலேயே பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சித் தரம் 108 சொல்கிறது. வெளியில் நின்றபடியே படித்துவிடலாம். ஈ எழுத்தோடு வரும் ஐரோப்பியக் குறி ஒளிக்கற்றையைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டு, வண்டிக்காரருக்கு வேண்டிய அந்த ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. விளக்குகளுக்கான நம் ஏ.ஐ.எஸ்-010 தரத்தில் ஒளிமூலத்தின் வகையைக் கண்ணாடியில் எழுத வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதுவரை பழைய எஸ்.யூ.வி பார்க்கப் போகிறவர்கள் இருட்டிய பிறகு போங்கள், விளக்கு ஆறியிருக்கும்போதே மூட்டச் சொல்லுங்கள், கண்ணாடியில் இருக்கும் எழுத்துகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பேனட்டைத் திறக்கவே தயங்குகிறவரிடம் அந்த வண்டியை வாங்காதீர்கள்.